ரேஷன் கார்டில் இறந்த அக்கா

சீத்தா கேம்ப், மும்பை
4 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஷைனி எழுதுவது. நானும் தம்பி ஏஞ்சலோவும் சுகம்தான். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? மழைக்காலத்தில் வெறுந்தரையில் முழங்காலிடாதே என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை நேற்று நடந்தது. ஏஞ்சலோ அமைதியாக இருந்தான். எல்லாரும் 'ஆமென்' சொல்லி முடித்த பிறகு அவன் மட்டும் தனியாக ஒரு தடவை சொன்னான். சாமியாரே சிரித்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போனதோடு ஏஞ்சலோவின் அரசாங்க உதவித்தொகையும் நின்றுவிட்டது. அம்மாவைப் பாதுகாவலராகப் போட்டுத் திறந்த கணக்காம். நான் கூடப் பிறந்தவள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கூடப் பிறந்தால் போதாது என்கிறார்கள். அவனுக்கு இருபத்தெட்டு வயது, சட்டப்படி பெரிய ஆள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பெரிய ஆளுக்கு, கலெக்டர் ஆபீஸில் ஒரு குழு கூடிச் சட்டப் பாதுகாவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அந்த உத்தரவு இருந்தால்தான் உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, பகல்நேர மையத்தில் இடம் எல்லாம். இல்லாவிட்டால் அவன் ஆறடி உயரத்துக்கு நின்றாலும் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

உடன்பிறந்த எல்லாரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். உன்னிடம் போனில் கேட்கலாமே என்றார் வங்கி மேனேஜர். அடைபட்ட கன்னியர் மடம் சார், வெளியே வரமாட்டார்கள், போன் கிடையாது, கடிதம்தான் என்றேன். ஜெயிலா என்று கேட்டார். இல்லை, அவளே விரும்பிப் போனது என்றேன்.

பகலில் நான் மாட்டுங்காவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்விடுகிறேன். அவனை எதிர்வீட்டு மீனாட்சியம்மாள் பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் அணுசக்தி நகருக்குப் போகிற ஸ்டாஃப் பஸ்களுக்கு அவன் சல்யூட் வைப்பது இன்னும் தொடர்கிறது. ஒரு டிரைவர் திருப்பி வைக்கிறார். அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறான்.

எனக்காகவும் ஒரு செபம் சொல்.

உன் தங்கை
ஷைனி


21 ஜூலை 2024

கிறிஸ்துவில் பிரியமுள்ள ஷைனிக்கு,

உன் கடிதம் வந்தது. உங்கள் இருவருக்கும் இறைவன் சுகத்தைத் தருவாராக. முட்டுவலி என்னோடு சமாதானமாக இருக்கிறது.

அம்மாவின் அடக்கத்துக்கு வராதவள் நான். உனக்கு என்ன ஆறுதல் சொல்வது? அன்று இங்கே நாங்கள் பதினோரு பேரும் சேர்ந்து அவர்களுக்காகப் பாடினோம்.

நீ கேட்ட சம்மதத்தை இதோ எழுதுகிறேன். ஏஞ்சலோவின் பாதுகாவலராக நீயே இருக்க எனக்கு முழுச் சம்மதம். எந்தக் காகிதமானாலும் உன் முடிவே என் முடிவு. அவனை உன்னிடமும் இறைவனிடமும் ஒப்படைக்கிறேன்.

மீனாட்சியம்மாளுக்கு வயதாகியிருக்குமே. நாள் முழுக்க அவனோடு இருக்க அவர்களால் முடிகிறதா?

உன் அக்கா
பிரேமா


சீத்தா கேம்ப்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஏஞ்சலோவுக்கு வாசித்துக் காட்டினேன். பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "பிரேமாக்கா சிட்டி, பிரேமாக்கா சிட்டி" என்று இந்தியில் சொல்லிக் கடிதத்தை ஊருக்கெல்லாம் காட்டுகிறான். குளிக்கும்போது மட்டும்தான் என் கைக்கு வருகிறது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழைப் புதுப்பிக்க ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை அலைந்தோம். முதல் நாள் டாக்டர் வரவில்லை. இரண்டாம் நாள் கம்ப்யூட்டர் வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டும் வந்தன, ஏஞ்சலோதான் வரமாட்டேன் என்று லிஃப்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கடையில் லென்ஸ் தீட்டுகிற மகேஷ்குமார் லீவு போட்டு வந்திருந்தார். "டிரைவர் சாப் உள்ள இருக்கார், சல்யூட் வைக்கணும்ல, வா" என்று அழைத்துப் போனார். டாக்டரும் எழுந்து நின்று பதில் சல்யூட் வைத்தார். எழுபத்தைந்து சதவீதம் போட்டுக் கொடுத்தார்.

கலெக்டர் ஆபீஸ் கிளார்க் ரேஷன் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்காவின் இறப்புச் சான்றிதழ் எங்கே?" என்றார். எந்த அக்கா என்றேன். விரலை வைத்துக் காட்டினார். உன் பெயரின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் மராத்தியில் 'மயத்', அதாவது இறந்தவர்.

மீனாட்சியம்மாளிடம் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. நீ கடைசி வார்த்தைப்பாடு கொடுத்த அந்த வருஷம் ரேஷன்காரர்கள் முகாம் போட்டார்களாம். உன்னை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மடத்தில் என்றதற்கு, படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை என்றார்களாம். கல்யாணமாகிப் போனால் புருஷன் வீட்டு கார்டு வேண்டும், வேறு ஊர் போனால் அந்த ஊர் கார்டு வேண்டும். மீனாட்சியம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒங்கம்மைக்கு வந்துதே கோவம்! கறுப்புத் துணியைப் போத்தி, மணியடிச்சு, எம்பிள்ளைய கெடத்தியிருந்தத நான் ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன், செத்துட்டான்னே எழுதுங்கன்னுட்டா."

அக்கா, நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கிளார்க் சொல்வது இதுதான்: இறப்புச் சான்றிதழ் கொண்டு வா, இல்லாவிட்டால் இறந்தவளைக் கொண்டு வா. உன் கடிதத்தைக் காட்டினால் செத்தவள் எழுதியது செல்லாது என்கிறார். ஒரே ஒரு நாள் நீ நேரில் வந்து நின்றால் போதும். மடத்துத் தலைவி மதரிடம் அனுமதி கேட்டுப் பார்.

ஷைனி


25 செப்டம்பர் 2024

பிரியமுள்ள ஷைனிக்கு,

தேவ அன்னை உங்களைத் தன் சேலைக்குள் வைத்துக் காப்பாளாக. உனக்குச் சளி பிடித்திருக்கிறதா? கடிதத்தில் கையெழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

உலகத்துக்கு இறந்தவள் என்று காட்டப் போர்த்துகிற அந்தக் கறுப்புத் துணிக்குள் கிடந்தபோது வெளியே ஒருவர் கேவுவது எனக்குக் கேட்டது. அது அம்மா என்று தெரியும். வார்த்தைப்பாடு முடிந்ததும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா சிரித்தார்கள், முறுக்கு டப்பாவைக் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஊருக்குப் போய் என் பெயரை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் 'ஆயிரம் முத்தங்கள்' என்றல்லவா எழுதச் சொல்லி அனுப்பினார்கள்.

வருவதைப் பற்றி வேண்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நீயும் வேண்டிக்கொள்.

ஏஞ்சலோவுக்கு மாதா படம் ஒன்று வைத்திருக்கிறேன்.

பிரேமா


சீத்தா கேம்ப்
12 நவம்பர் 2024

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

கேட்டாயா, இல்லையா? 'வேண்டிக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். நான் வேண்டச் சொல்லவில்லை, மதரிடம் கேட்கச் சொன்னேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். மீனாட்சியம்மாள் ஏஞ்சலோவைப் பார்த்துக்கொள்ளவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? அவன் கையை உதறினால் அவர்கள் விழுந்துவிடுவார்கள். காலை பஸ் போன பிறகு அவனை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். மத்தியானம் அவர்கள் ஜன்னல் வழியாகச் சோறு கொடுக்கிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து திறக்கிறேன். அம்மா போன மறு வாரத்திலிருந்து இப்படித்தான். முதலில் கதவைத் தட்டுவான். இப்போது தட்டுவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று ஜன்னல் கம்பியில் கையைக் கிழித்துக்கொண்டான். நான்கு தையல். மீனாட்சியம்மாள் கடைக்கு போன் பண்ணினார்கள், "ஏட்டி, சீக்கிரம் வா, சாவி ஒன் கையிலல்லா இருக்கு." மாட்டுங்காவிலிருந்து சீத்தா கேம்ப் வர எவ்வளவு நேரமாகும் என்று உனக்கு நினைவிருக்கும். அதுவரை பூட்டின வீட்டுக்குள் ரத்தத்தோடு நின்றான். இனி ஒரு சாவி அவர்களிடமும் இருக்கும்.

பகல்நேர மையத்துக்கு உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு நீ வேண்டும். உனக்கு மதர் வேண்டும். மதருக்கு யார் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அரசாங்க உதவியில் நடக்கிற ஒரு விடுதியைச் செம்பூர் பக்கம் போய்ப் பார்த்தேன். ஸ்மிதா என்ற பெண் சுற்றிக் காட்டினாள். சுத்தமாக இருக்கிறது, பெரிய முற்றம். ஆனால் யாருமில்லாதவர்களுக்குத்தான் இடம். "உனக்கு நீ இருக்கிறாயே," என்று இந்தியில் சொன்னாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அவனுக்கு நீ இருக்கிறாயே," என்றாள்.

மகேஷ்குமாருக்கு தோஹாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் போகிறார். அது தனி விஷயம்.

ஷைனி


28 நவம்பர் 2024

என் ஷைனிக்கு,

உன் கடிதத்தைத் திறந்து வாசித்துவிட்டுத்தான் மதர் என்னிடம் கொடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். கொடுக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்பேன் என்று காத்திருந்தார்களோ என்னவோ. நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

தையல் பிரித்தாயிற்றா? சீழ் வைக்கவில்லையே?

பூட்டு பற்றி நீ எழுதியதற்கு நான் என்ன எழுதினாலும் அசிங்கமாக இருக்கும். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதை மட்டும் நம்பு.

அது தனி விஷயம் என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டு வருகிறவர் தனி விஷயமா, பிள்ளாய்? தோஹாவுக்கு நீயும் போகிறாயா என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போவாய்?

வருகிற ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை இங்கே கடிதம் வருவதும் இல்லை, போவதும் இல்லை.

பிரேமா


சீத்தா கேம்ப்
10 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. எனக்கு இருமல், மீனாட்சியம்மாள் சுக்குக் கஷாயம் தந்து படுத்துகிறார்கள்.

ஆமாம், அவர் கேட்டார். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஆறு மாதத்தில் என்னையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். எனக்கு முப்பத்து மூன்று வயது, அக்கா. போக ஆசையாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஸ்மிதாதான் வழி சொன்னாள். பார்த்துக்கொள்ள உறவு இல்லையென்று குழு கண்டால், அந்த விடுதி நடத்துகிற நிறுவனத்தையே பாதுகாவலராகப் போட முடியுமாம். நான் வெளிநாடு போகிறவள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதி நீ. நீ கார்டில் ஏற்கெனவே இல்லை. இந்தத் தடவை வேறு கிளார்க், இவர் சான்றிதழ் கேட்கவில்லை. கோட்டைப் பார்த்தார், தாளைப் புரட்டினார்.

விசாரணை மார்ச் 19.

ஆகவே இனி மதரிடம் எதுவும் கேட்க வேண்டாம். நாலு மாதமாக நீ உயிரோடு இருக்கிறாய் என்று நிரூபிக்க அலைந்தேன். இப்போது சொல்கிறேன், அம்மா எழுதி வைத்தபடியே இருந்துவிடு. உனக்கு அதில் கஷ்டமொன்றும் இல்லையே.

கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

ஷைனி


2 மார்ச் 2025

பிரியமுள்ள ஷைனிக்கு,

உன் இருமல் போயிருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உனக்குப் பதில் எழுத எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் கேட்கவே இல்லை, ஷைனி. ஒரு தடவைகூட இல்லை. மதர் முடியாது என்று சொல்வார்கள் என்று நான் பயப்படவில்லை. 'போய் வா, வேண்டுமானால் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்' என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். ஏஞ்சலோவுக்குப் பத்து வயதானபோதே எனக்கு இந்தப் பயம் உண்டு. அம்மாவுக்குப் பிறகு நான்தான் என்று தெரியும். தேவ அழைத்தல் பொய் இல்லை. ஆனால் அந்தக் கதவுக்குள் வந்து தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டபோது, அப்பாடா என்று இருந்தது. அதையும் சேர்த்துத்தான் கடவுளுக்குக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

நீ செய்யப்போவதைச் செய்யாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. போ. சந்தோஷமாக இரு.

புதன்கிழமை திருநீற்றுப் புதன். அதற்குப் பிறகு ஈஸ்டர் வரை உன் கடிதம் என் கைக்கு வராது. ஏஞ்சலோவை விடுதியில் விடும் நாளில் என்னுடைய கடிதங்களை அவனிடமிருந்து பிடுங்கிவிடாதே.

பிரேமா


சீத்தா கேம்ப்
21 மார்ச் 2025

அக்கா,

இதை நீ ஒரு மாதம் கழித்துத்தான் வாசிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, இரண்டு பேருக்கும்.

நேற்று முன்தினம் விசாரணை. ஒரு மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அதிகாரி. ஒரு பக்கம் டாக்டர். மறுபக்கம் தொண்டு நிறுவனத்தின் சார்பில் செண்பகவல்லி என்று ஒரு செம்பூர் தமிழம்மா. ஏஞ்சலோவுக்கு நீலச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். உள்ளே போனதும் மூன்று பேருக்கும் தனித்தனியாக சல்யூட் வைத்தான்.

அதிகாரி என்னிடம் கேட்டார், வேறு கூடப் பிறந்தவர்கள்? ஒரு அக்கா, கார்டில் இருக்கிறதே என்றேன். என் வாயால் 'இறந்துவிட்டாள்' என்று சொல்லவில்லை. ஆனால் சொன்ன மாதிரிதான்.

பிறகு அந்தம்மா அவனிடம் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, ஒங்க வீட்ல யார் யார் இருக்காங்க?"

"ஷைனி."

"அப்புறம்?"

"பிரேமாக்கா."

"பிரேமாக்கா எங்க?"

அவன் சட்டைப்பையிலிருந்து உன் கடிதங்களை எடுத்து மேஜையில் வைத்தான். வியர்வையில் ஒட்டிப்போன நான்கு கடிதம். "இங்க" என்றான்.

அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டது நான். பையில் கடிதங்களை வைத்ததும் நான்தான். அவை இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டான். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை, அக்கா. சத்தியமாகத் தோன்றவில்லை.

அந்தம்மா மேலே இருந்ததைப் பிரித்து வாசித்தார். தேதியைப் பார்த்தார், இந்த மாதம் எழுதியது. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மடித்துத் தள்ளி வைத்துவிட்டார். மற்றவற்றைப் புரட்டி ஒன்றை எடுத்து இந்தியில் மொழிபெயர்த்தார். போன ஜூலையில் நீ எழுதியது. 'ஏஞ்சலோவின் பாதுகாவலராக நீயே இருக்க எனக்கு முழுச் சம்மதம்.'

அதிகாரி சிரித்தார், நல்ல மனுஷன். "அக்கா உயிரோடு இருக்கிறார், எழுத்திலேயே சம்மதம் தந்திருக்கிறார், தங்கை கூடவே இருந்து பார்க்கிறார். இவ்வளவு பாசமான குடும்பம் இருக்கும்போது நிறுவனம் எதற்கு?" என்றார். ரேஷன் கார்டுத் தவறை ரேஷன் ஆபீஸில் திருத்திக்கொள்ளச் சொன்னார். தோஹா பற்றிய என் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "நன்றாக யோசித்துப் பாரம்மா, இவனுக்கு உன்னைத் தவிர யார்?" என்றார். கிளார்க் ஒரு படிவத்தை நீட்டினார். ஏஞ்சலோ என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

யாராவது திட்டியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். எல்லாரும் அன்பாக இருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வாழ்நாள் முழுவதற்குமான பாதுகாவலர் என்று உத்தரவில் இருக்கிறது. யாருடைய வாழ்நாள் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஷைனி


21 ஏப்ரல் 2025
பாஸ்கா திங்கள்

ஷைனி,

ஆண்டவர் உயிர்த்தார். நேற்று பூசை முடிந்ததும் மதர் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். கோயிலுக்குள் போகாமல் சமையல்கட்டில் நின்றே வாசித்தேன். வாசித்து முடித்த கையோடு மதரின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"இதைக் கேட்க உனக்கு எட்டு மாதம் ஆயிற்றா மகளே?" என்றார்கள். அவ்வளவுதான். மேலிடத்தில் கேட்டு மூன்று மாதம் வெளியே இருக்க அனுமதி வாங்கித் தருகிறார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ரோமாபுரிக்கு எழுத வேண்டும். தேவைப்பட்டால் எழுதுவேன்.

மே ஐந்தாம் தேதி காலையில் தாதரில் இறங்குகிறேன். உத்தரவை என் பெயருக்கு மாற்று. நான் கையெழுத்துப் போடுகிறேன். மகேஷ்குமாரிடம் சொல். பதின்மூன்று வருஷமாக நான் பஸ்ஸில் ஏறியதில்லை. தாதரிலிருந்து எந்த நம்பர் பஸ் என்று எழுது.

பிரேமா


சீத்தா கேம்ப்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், நீ கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும். சுகம்.

மகேஷ்குமார் சனிக்கிழமை விமானம் ஏறினார். நான் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை, ஏஞ்சலோவை எங்கே விடுவது? "பாப்போம் ஷைனி" என்றார். பத்து மாதமாக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்.

உத்தரவை மாற்ற முடியுமா என்று இன்றே போய் விசாரித்தேன். முடியுமாம். புது விண்ணப்பம் போட வேண்டும். முதல் காகிதம் உன் பெயர் இருக்கிற ரேஷன் கார்டு. 'மயத்' என்று எழுதியதை எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று ரேஷன் ஆபீஸில் கேட்டேன். "செத்தவங்களைச் சேர்க்க இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல மேடம்," என்றார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம். உன் அனுமதி மூன்று மாதம். பகல்நேர மையத்தில் பெயர் பதிந்துவிட்டேன். எங்களுக்கு முன்னால் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ வருகிறாய் என்று அவனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சட்டைப்பையிலிருந்து கடிதங்களை எல்லாம் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான். இனி வேண்டாமாம். உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை, அக்கா. ஆனாலும் வா.

பஸ் நம்பரெல்லாம் மாறிவிட்டது, உன்னால் முடியாது, டாக்ஸி பிடி. அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்காது. நீ வந்து சேரும்போது காலை பஸ்கள் போயிருக்கும், வீடு பூட்டியிருக்கும். பயந்துவிடாதே, அவன் உள்ளேதான் இருப்பான், தட்டினால் பதில் சொல்லமாட்டான். சாவி மீனாட்சியம்மாளிடம் இருக்கிறது. பூட்டு கொஞ்சம் இறுகும். கதவை உன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு திற.

உன் தங்கை
ஷைனி